லைட் அடித்தால் என்ன அர்த்தம்

மார்ச் 4

இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த நாட்டில் பதினோரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

ஓட்டத் தெரிந்தவர் ஒவ்வொரு முக்கிலும் எதிரே வருகிறவனின் பரம்பரையை இழுத்துத் திட்டமாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தமிழில் திட்டுவார். அவனுக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. அந்தத் தைரியம்தான். வண்டியை விட்டு இறங்கியதும் அதே மனுஷன் எதிர் வீட்டு நாய்க்குக்கூட ஒதுங்கி வழி விடுவார்.

இன்றைக்கு என் கார் வந்தது. என் கார். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன், என் கார். சூப்பர்மார்க்கெட் பின்கட்டில் அட்டைப்பெட்டி மடித்து மடித்து வாங்கியது. வெள்ளை, சின்னது, முன் கதவில் ஒரு நசுங்கல். இவர் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். டயரை உதைத்தால் என்ன தெரியவரும் என்று இதுவரை எந்த ஆம்பளையும் எனக்குச் சொன்னதில்லை.

"வாங்கிட்டே, சரி. யார் ஓட்டப்போறா?" என்றார்.

மார்ச் 6

லேபிலிருந்து பதில் வந்துவிட்டது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலை. நடக்க முடியாதவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள். ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதே வேலைதான். அங்கே லேப் காரை நானே ஓட்டுவேன். தண்ணீர் லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் ஓட்டியவள் நான். ரத்தம் நிரப்பிய குழாய் ஒன்றுகூட உடைந்ததில்லை.

இங்கே நிபந்தனை இரண்டு. சொந்தக் கார். இந்த நாட்டு லைசென்ஸ். மே மாதக் கடைசிவரை எனக்காக இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு வேறு ஆள்.

வந்த முதல் வருஷம் ஊர் லைசென்ஸையும் சர்வதேச பெர்மிட்டையும் காட்டியே நான் இங்கே ஓட்டியிருக்கலாம். சட்டம் அப்படித்தான். "முதல்ல ரோட்டைப் பார்த்துப் பழகு" என்றார் இவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தே அந்த வருஷம் போயிற்று. பெர்மிட்டும் காலாவதி. இப்போது பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும்.

மார்ச் 9

இன்ஷூரன்ஸ், வண்டி வழியில் நின்றுபோனால் பின்னால் வைக்க முக்கோணப் பலகை, இறங்கும்போது போட்டுக்கொள்ள மினுங்கும் சட்டை, பின்கண்ணாடியில் ஒட்ட 'பழகுநர்' ஸ்டிக்கர். எல்லாம் வாங்கியாயிற்று. ஸ்டிக்கரை ஒட்டும்போது இவர் சொன்னது: "நம்ம ஆளுங்க யாரும் பார்க்காம இருந்தா சரி."

மார்ச் 13

எழுத்துத் தேர்வு பாஸ். ஒரு கேள்விதான் தப்பு. இவர் எத்தனை தடவை எழுதினார் என்று கேட்டேன். டீ ஆறிப்போச்சு என்றார்.

மார்ச் 15

முதல் நாள் பயிற்சி. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நான் ஓட்டலாம். ஆகவே இவர்.

எல்லாமே இடம் மாறிக் கிடக்கிறது. ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில், வண்டி போவது ரோட்டின் வலது ஓரம். முதலில் தப்பான கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. திரும்ப இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது. வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனோம். இதெல்லாம் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், கைப் பழக்கம்தானே. சரியாகாதது பக்கத்து சீட்டு.

"மெதுவா. மெதுவா. ஏன் இவ்ளோ மெதுவா போறே?"

பள்ளிக்கூடத்துப் பின்னால் உள்ள தெருவில் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. நடுவில் ஒரு கார் போகத்தான் இடம். எதிரே ஒருவன் வந்தான். முன்விளக்கை இரண்டு தடவை பளிச் பளிச் என்று அடித்தான். அடித்தால் என்ன அர்த்தம்? நான் வர்றேன், நீ நில்லு. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நின்றேன். அவனும் நின்றான். நான் பார்க்கிறேன், அவன் பார்க்கிறான். மறுபடி அடித்தான். நான் ஓரத்தில் இன்னும் ஒண்டினேன். கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

"பார்த்தியா திமிரை?" என்றார் இவர். "லைட்டும் அடிப்பான், வரவும் மாட்டான். நம்ம மூஞ்சியைப் பார்த்தாலே வம்பு பண்ணணும்னு தோணும் இவனுங்களுக்கு. பதினோரு வருஷமா பார்க்கிறேன்."

இவர் சொல்வதில் ஒன்றை நம்பினேன் என்றால் இதைத்தான். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 18

சூப்பர்வைசர் இன்றைக்கும் கை தட்டித்தான் கூப்பிட்டாள். மற்றவர்களுக்குப் பெயர், எனக்குத் தட்டல். பெயர் நீளமாம். அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் மருந்துப் பெயரெல்லாம் மூச்சு விடாமல் வாசிக்கிறாள்.

மார்ச் 23

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, தலைவர் வீட்டில். நம்ம ஆட்கள் இங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவர். எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய கார், தோல் சீட். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எந்தப் பயணத்திலும் பின்சீட்டில் இடது மூலை அக்காவுடையது. முன்சீட்டில் தலைவரின் சிநேகிதர் யாராவது இருப்பார், யாரும் இல்லாவிட்டால் அவர் கோட்டு இருக்கும்.

ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து இந்த நாட்டைத் திட்டினார்கள். இந்த நாட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு. பேச்சு வழக்கம்போல ரோட்டுக்கு வந்தது. ஒருவர் சொன்னார், லைட் அடிச்சு எச்சரிக்கை பண்றேன், வேணும்னே குறுக்கே வந்து விழுறான். இன்னொருவர் சொன்னார், விழுறதுமில்லாம கையை வேற தூக்கிக் காட்டுறான், நக்கல். தலைவர் முடித்து வைத்தார்: "நம்மள அவங்க சமமா நினைச்சாத்தானே மதிப்பாங்க. இது ரத்தத்துல இருக்கு." எல்லாரும் தலையாட்டினார்கள். இவர் தலை மற்றவர்களுக்கு முந்தி ஆடியது.

நான் கார் பழகுவதை இவரே சொல்லிவிட்டார். சிரிப்பு. "தங்கச்சி, இங்க லேடீஸுக்கு பஸ் நல்லா இருக்கேம்மா" என்றார் தலைவர். காலை ஐந்து மணிக்கு ரத்தப் பெட்டியோடு எந்த பஸ்ஸில் ஏறுவேன் என்று கேட்டேன். அக்காவைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் டீ கொண்டா என்றார்.

ஏப்ரல் 2

இவர் பக்கத்தில் இருந்தால் மோசமாக ஓட்டுகிறேன். இவர் வாயை மூடினால் நன்றாக ஓட்டுகிறேன். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

ஏப்ரல் 11

ஃபெயில்.

சரி, ஒழுங்காக எழுதுகிறேன். தேர்வாளர் மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி. பார்க்கிங் சரி, ரவுண்டானா சரி, ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தது சரி. திரும்பி வரும் வழி, முடியப் போகிறது. பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு அம்மா காரின் மூக்கை வெளியே நீட்டினாள். முன்னுரிமை எனக்குத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று எச்சரித்தேன். பளிச், பளிச். நான் வர்றேன், நில்லு.

அவள் சிரித்துக் கையைத் தூக்கிவிட்டு நேராக என் முன்னால் வந்தாள்.

பிரேக்கில் ஏறி நின்றேன். ஒரு சாண் இடைவெளி. தேர்வாளரின் கண்ணாடி மடியில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: கூப்பிட்டுவிட்டு இடிக்கப் பார்க்கிறீர்களே, ஏன்?

நான் கூப்பிடவில்லை, நில் என்றுதான் அடித்தேன் என்றேன்.

இல்லை, 'நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள்' என்றுதான் அடித்தீர்கள், இங்கே அதற்கு அதுதான் அர்த்தம் என்றார். புத்தகத்தில் இல்லையே என்றேன். புத்தகத்தில் இல்லைதான், ஆனால் எல்லாருக்கும் தெரியும் என்றார்.

எல்லாருக்கும் தெரியும்! அந்த எல்லாரில் நாம என்னைக்கு இருந்தோம்? யார் வந்து சொன்னா?

சொன்னால்தான் தெரியுமா? பதினோரு வருஷம் பார்த்தும் இவருக்குத் தெரியவில்லை என்றால்—

ஏப்ரல் 11, மறுபடியும்

தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத் தெருக்காரன் நினைவில் வந்துகொண்டே இருக்கிறான். போம்மா, போம்மா என்று வழி விட்டிருக்கிறான். நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு அவனை மனசுக்குள் கொன்றுகொண்டிருந்தேன். கையை நீட்டினால் கொத்த வருகிறாள் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருப்பான்.

ஏப்ரல் 13

மறுபடி தலைவர் வீடு. ஃபெயில் ஆன செய்தி எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. இவர்தான் தூதர். அனுதாபம் வழிந்தது. "அவன் வேணும்னே ஃபெயில் போட்டிருப்பான்மா" என்றார் தலைவர். "நம்ம ஆளுன்னா குறைச்சுத்தான் மார்க் போடுவானுங்க."

இல்லண்ணே, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். லைட் அடித்தால் இங்கே வழி விடுகிறேன் என்று அர்த்தம். கையைத் தூக்குவது நக்கல் இல்லை, நன்றி. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் கணக்கு ஓடுவது தெரிந்தது. எத்தனை தெரு, எத்தனை வசவு.

"அதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும்மா" என்றார் தலைவர்.

"இந்த ஊர்லதாண்ணே நீங்க இருக்கீங்க."

சமையலறை வாசலில் அக்கா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்தும் சிரிப்புக் கேட்டது.

திரும்பும்போது இவர் ஓட்டினார். எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமல் இருந்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ அவங்கல்லாம் எனக்கு வழி விட்டாங்களா?"

பாவமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷமே, "இதை அங்க வெச்சுத்தான் சொல்லணுமா?" என்றார். பாவம் போய்விட்டது.

ஏப்ரல் 14

யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. இவர் வேலை செய்யும் கிடங்கில் மேனேஜர் ஷிப்ட் நேரத்தை இஷ்டத்துக்கு வெட்டுகிறான். பண்டிகை நாளில் நம்ம ஆட்களை மட்டும் வரச் சொல்கிறான். அதற்கு இவர் சொல்வது, "சரி சார், பரவால்ல சார்." அது அவமானம். அசல் அவமானம். அதற்குப் பல்லைக் காட்டிவிட்டு, மரியாதையாக வழி விட்டவனைக் காருக்குள் உட்கார்ந்து திட்டியிருக்கிறார். கோபம் இருந்திருக்கிறது, நிறையவே. அதைப் போய் யார்மேல் கொட்டியிருக்கிறார்!

சூப்பர்வைசர் கை தட்டுவதற்கு வேறு அர்த்தம் ஏதும் இருக்குமோ என்று நானும் நேர்மையாக யோசித்தேன். இன்றைக்கு அவளிடமே கேட்டேன், ஏன் தட்டுகிறீர்கள் என்று. நீ திரும்பிப் பார்க்கிறாயே, அது போதாதா என்றாள்.

அதற்கு ஒரே அர்த்தம்தான். நாளையிலிருந்து திரும்பமாட்டேன்.

ஏப்ரல் 20

"முதுகு வலி. உன்கூட வந்து குலுங்க முடியாது." நேற்று சங்கத்துக்காக முப்பது நாற்காலி தூக்கி அடுக்கிய முதுகு.

அடுத்த தேர்வு மே 19. பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் நான் சாவியைத் தொட முடியாது. இவருக்கு அது தெரியும். நன்றாகவே தெரியும்.

ஏப்ரல் 23

அக்கா போன் செய்தாள். கிசுகிசுப்பு. குளியலறையிலிருந்து பேசுகிறாள் போல, தண்ணீர் சத்தம்.

"எங்கிட்ட லைசென்ஸ் இருக்கும்மா. நான் வந்து பக்கத்துல உட்காரட்டுமா?"

பயமில்லையா என்று கேட்டேன். அக்காவுக்குப் பயம், அதனால்தான் ஓட்டுவதில்லை என்று தலைவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

"பயமெல்லாம் இல்ல. பாஸான அன்னைக்கு ஓட்டினதுதான் கடைசி. வீட்ல கார் ஒண்ணுதானே இருந்துச்சு."

ஏப்ரல் 26

அக்கா வந்தாள். பழக்க தோஷத்தில் பின்கதவைத் திறந்துவிட்டு, தானே சிரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஓட்டத் தெரியாது எனக்கு, லைசென்ஸ்தான் இருக்கு என்றாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்னாலிருந்து பார்த்தால் இந்த ஊர் அகலமா இருக்கு என்றாள்.

ஒரு மணி நேரம். ஒரு தப்பு இல்லை.

மே 3

தலைவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவை அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். இவருக்குப் போன் செய்து, "உங்க வீட்டம்மா எங்க வீட்டுக்குள்ள புகுந்து கெடுக்குறாங்க" என்றாராம். இவர் அதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார், மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்ற பெருமையோடு. எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். மன்னிப்புக்குக் காரணம் தேடுகிற ஆள் இல்லை இவர்.

நாளைக்கு வருகிறாயா என்று அக்காவிடம் கேட்டேன். வர்றேன் என்றாள். குளியலறையிலிருந்து இல்லை, கூடத்திலிருந்தே பேசினாள். பின்னால் டி.வி. சத்தம் கேட்டது.

மே 17

லேபிலிருந்து போன். 30-ஆம் தேதி வந்து வண்டியைக் காட்ட முடியுமா, இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த பெண்ணுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்கள். 19-ஆம் தேதி சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். தோற்றால் மறுபடி அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிகூடப் பரவாயில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு முகம் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து மெல்லுமே, அதுதான் தாங்காது.

மே 19

பாஸ்.

அக்கா தேர்வு மையத்து வாசலில் நின்று அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து லைசென்ஸை இவர் முன்னால் வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பது போல.

"போட்டோல நல்லாவே இல்ல" என்றார்.

மே 24

சூப்பர்மார்க்கெட்டில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் முதல் தடவையாக என் பெயரை முழுசாகச் சொன்னாள், காகிதத்தைப் பார்த்து. தப்பாகத்தான் சொன்னாள். திருத்தவில்லை. இனி அவளுக்கு அது எதற்கு?

ஜூன் 2

வேலையில் முதல் நாள். இரண்டாவது வீட்டின் எதிரே வண்டியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். சொன்ன நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பின்சீட்டில் ரத்தப் பெட்டி. பக்கத்து சீட்டில் இவர்.

காலையில் கதவைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருந்தார். பெல்ட் மாட்டியாயிற்று. கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் கேட்காத லீவு.

"முதல் நாள்தானே. துணைக்கு வர்றேன்."

பெட்டி இருக்கும் வண்டியில் வேறு யாரும் இருக்கக் கூடாது, லேபின் விதி, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்தால் வேலை போய்விடும் என்றேன். யாராவது பார்த்தா குனிஞ்சுக்கிறேன் என்றார். குனியவும் செய்தார். லேப் வாசலில் நான் பெட்டியை வாங்கி வரும்வரை முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டு இருந்தார். நாற்பது வயது மனுஷன். தாமதமாகிவிடும் என்று அங்கே சண்டை போடாமல் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் ஒவ்வொரு முக்கிலும் இவர் கால் தரை விரிப்பை அழுத்துகிறது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை.

முதல் வீட்டில் பெரியவர் ஒருவர். கட்டில் ஜன்னலோரம். கையை நீட்டிக்கொண்டே, காரில் யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. ஊசி ஒரே குத்தில் ஏறியது.

அந்தப் பெரியவர் லேபுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வீட்டிலும் ஜன்னல் இருக்கிறது.

இன்ஜினை அணைத்துவிட்டேன். சாவி என் பையில்.

"இறங்குங்க" என்றேன்.

முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எதிர்லயே பஸ் ஸ்டாப் இருக்கு. வீட்டுக்குப் போற பஸ்தான். இறங்குங்க."

மார்புக்குக் குறுக்கே பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் திரை விலகுகிறது.

"இறங்குங்க."